பிரிந்திருந்த நாள் கணக்கு

வக்கீல் பாலதண்டாயுதம் எச்சில் தொட்டுத்தான் தாள் புரட்டுவார் என்பது அம்சவேணிக்குப் பழகிப்போன விஷயம்தான். இருந்தும் இன்றைக்குக் காலையில், ஈரோட்டுக் குடும்ப நீதிமன்றத்து வராந்தாவில் நின்றபடி அவர் கட்டைவிரலை நாக்கில் ஒற்றி எடுத்து, அவள் பெயரும் செங்கோடன் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்திருந்த தாளின் மூலையில் வைத்தபோது, அவளுக்கு அருவருத்தது. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஏழு மணி வரைக்கும் ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில் மூத்திரப் பை காலி செய்தவள். வாந்திக் கிண்ணம் கழுவியவள். பதினொன்றாம் கட்டில் பெரியவர் படுக்கையோடு போனதை வழித்தெடுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதே கையால் டீயில் பன்னை நனைத்துத் தின்றவள். பதினான்கு வருஷமாக அந்த வேலையில் அருவருப்பு என்று ஒன்று வந்ததில்லை. உடம்பு என்றால் ஒழுகத்தான் செய்யும், அதற்கென்ன. ஆனால் இந்த வெள்ளைத் தாள், அதில் வரிவரியாகச் சுத்தமாக நிற்கிற கறுப்பு எழுத்து, மூலையில் ஈரமாகப் பதிந்த அந்த விரல், இதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வக்கீல் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, ரெண்டே கேள்விதான்ம்மா என்றார். எப்ப இருந்து பிரிஞ்சிருக்கீங்கன்னு ஜட்ஜம்மா கேப்பாங்க, போன வருஷம் வைகாசியில இருந்துன்னு சொல்லு. குழந்தைங்க இருக்கான்னு கேப்பாங்க, இல்லைன்னு சொல்லு. நடுவுல நீ ஒண்ணும் விளக்கம் குடுக்க வேண்டாம். சொல்லிவிட்டு வேறொரு கட்சிக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் பொய். வைகாசியிலிருந்து என்பது பாதிப் பொய், குழந்தை இல்லை என்பது முழுப் பொய், முழுப் பொய்யைவிடப் பாதிப் பொய்தான் வாயில் கசந்தது, ஏன் என்று தெரியவில்லை, இல்லை, தெரியும், தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

வராந்தாவில் மர பெஞ்சு ஒன்றில் இடம் கிடைத்தது. எத்தனையோ பேர் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகிப்போன பலகை, கையை வைத்தால் பிசுபிசுக்கிறது, வியர்வையா எண்ணெயா, எல்லாம் கலந்த ஒன்று. மூலையில் தண்ணீர்க் குழாயடியில் யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் செங்கோடன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மாமன் மச்சான் கல்யாணத்துக்கு வந்த மாதிரி. முடிக்குச் சாயம் அடித்திருக்கிறான். அதை அவள் வந்ததும் வராததுமாகவே பார்த்துவிட்டாள், பார்க்காதது போல் இருந்தாலும் கண் அங்கேயே போய் நின்றது. காதோரத்தில் தோலிலும் கறுப்பு ஒட்டியிருக்கிறது, சரியாகக் கழுவவில்லை. விவாகரத்துக்கு வருகிறவனுக்கு எதற்கு மை. ஒருவேளை ஜட்ஜம்மா வயசு கேட்பார்கள் என்றா, இல்லை, இதற்கப்புறம் எவளாவது பார்ப்பாள் என்றா. இருக்கட்டும், பார்க்கட்டும். அவளுக்கு அந்த முடி கறுப்பா வெள்ளையா என்பது பற்றி ஒன்றுமில்லை, அந்த முடி இருப்பதுதான். போன வருஷம் சித்திரை கடைசியில் அந்தத் தலையில் முடி இல்லை. மழுங்க மழித்து, சந்தனம் பூசி, காவேரிக் கரையில் ஈர வேட்டியோடு நின்ற தலை. அப்பன் செத்தபோது மழித்த தலை, ஆத்தா செத்தபோது மழித்த தலை. இந்தத் தடவை செத்தவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் பகல் ஷிப்டில் உட்கார்ந்து போன் பாகங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். சிந்து. அவர்கள் பெற்ற ஒரே மகள், இருபத்திரண்டு வயசு. கூட வேலை பார்த்த அருள் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாதி, அவர்கள் பார்வையில் கீழே. அவ்வளவுதான் சங்கதி. அன்றைக்குச் சாயங்காலமே செங்கோடன் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்விட்டான்.

தூக்கம் கண்ணுக்குப் பின்னால் மணல் மாதிரி கிடந்தது. கண்ணை மூடினால் ஃப்ளெக்ஸ். பள்ளிபாளையம் நால்ரோட்டில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. வயசுக்கு வந்து சீர் செய்தபோது எடுத்த போட்டோ அது, பதிமூன்று வயசு, பட்டுப்பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம், போட்டோக்காரன் சொன்னதற்காகக் கன்னத்தில் விரல் வைத்துச் சிரிக்கிறாள். தோற்றம் என்று பிறந்த தேதி. மறைவு என்று ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட தேதி. கீழே, கண்ணீருடன், செங்கோடன், அம்சவேணி. அவள் பெயர். கடைக்காரப் பையன் எழுத்துப் பிழை வராமல் இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டு அடித்தானாம், இதைச் செங்கோடனே ஒரு பெருமை போலச் சொன்னான். ஊர் முழுக்க அந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள், பெற்றவளும் அழுதிருக்கிறாள் என்று. அவள் அழவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்கு இலை போட்டார்கள், பங்காளிகள் வந்தார்கள், அவியலும் பொரியலும் வடையும் பாயசமும் ஓடின, ஒரு ஆள் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார், கையை நக்கி வழித்து, பரவாயில்லை செங்கோடா, கௌரவத்தைக் காப்பாத்திக்கிட்டே என்றார். அந்தச் சத்தம், உறிஞ்சுகிற சத்தம், அது இன்னும் காதில் இருக்கிறது, உயிரோடிருக்கிற பிள்ளையின் கருமாதிப் பாயசத்தை உறிஞ்சுகிற சத்தம். அன்றைக்கு ராத்திரி டூட்டிக்குப் போனவள் காலையில் திரும்பவில்லை. காவேரிப் பாலத்தைத் தாண்டவில்லை. இக்கரையிலேயே ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் ஒரு ஒற்றை அறை பிடித்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்.

பிரிய வேண்டும் என்று நினைத்தபோது அது இத்தனை தகுதி கேட்கிற காரியம் என்று அவளுக்குத் தெரியாது. கட்டும்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, பொருத்தம் பார்த்தார்கள், தட்டு மாற்றினார்கள், முடிந்தது. அவிழ்க்கப் போனால் வக்கீல் விரலை நக்கி நக்கி ஒரு பட்டியலை வாசித்தார். முதலில், எந்தக் கோர்ட்டுக்கு வரலாம் என்று. கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர், இல்லையென்றால் மனைவி இப்போது குடியிருக்கிற ஊர், அதனால் ஈரோட்டில் போடலாம், அது பரவாயில்லை. அடுத்தது காரணம். அடிச்சாரா? இல்லீங்க. குடிச்சுட்டு வந்து ரகளை? குடிக்க மாட்டாருங்க. வேற பொம்பளை? இல்லீங்க. மதம் மாறிட்டாரா, சாமியாராப் போயிட்டாரா, புத்தி சரியில்லையா, ஏழு வருஷமா ஆளைக் காணோமா? இல்லீங்க, இல்லீங்க, தெனம் தறிக்குப் போறாருங்க. ரெண்டு வருஷமா உன்னைக் கைவிட்டுட்டாரா? அதுகூட அவருக்குச் சாதகம்மா, ஊட்டை விட்டுப் போனது நீதானே. அப்ப என்னதாம்மா உனக்கு. அவள் ஃப்ளெக்ஸைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்தபிறகு வக்கீல் கொஞ்ச நேரம் மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்க பக்கத்துலயும் பண்றதுதாம்மா, ஒரு ஆவேசத்துல பண்ணிர்றது, இதைக் கொடுமைன்னு நிரூபிக்கப் போனா உனக்கு அஞ்சு வருஷம் ஆகும், சாட்சிக்கு எவன் வருவான், பாயசம் குடிச்சவன் வருவானா. அது நியாயமான பேச்சுத்தான். ஆகவே பரஸ்பர சம்மதம். ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், மனுப் போடுவதற்கு முன்னால் ஒரு வருஷம் முழுசாகப் பிரிந்திருந்திருக்க வேண்டும், புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்திருக்கக் கூடாது, அப்புறம் ஆறு மாசம் யோசிக்கச் சொல்லி விடுவார்கள், திரும்ப ஒரு தடவை கேட்பார்கள், தீர்ந்தது. காரணம் என்ன எழுதுவீங்க என்று கேட்டாள். கருத்து வேறுபாடு என்றார். வார்டில் இதைச் சொன்னபோது கூட வேலை செய்கிற பாப்பாத்தி அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒரு வருசம் பிரிஞ்சிருந்தாப் போதுமாக்கும்? நானெல்லாம் இருவது வருசமாப் பிரிஞ்சிருக்கறன், ஒரே ஊட்டுக்குள்ள. எனக்கு எத்தனை விவாகரத்துக் குடுப்பான் உன்ற வக்கீலு?" அன்றைக்கு அம்சவேணியும் சிரித்தாள். கருத்து வேறுபாடு. இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்பது கருத்து வேறுபாடு.

செங்கோடன் கையெழுத்துப் போட உடனே சம்மதித்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார் என்று வக்கீல் போனில் சொன்னார். மனுவில் ஐந்தாவது பத்தி. இத்தம்பதியருக்குக் குழந்தைகள் இல்லை. அப்படி எழுதினால்தான் போடுவேன், இல்லாட்டி நீ தலைகீழா நின்னாலும் போட மாட்டேன். வக்கீல் அதையும் சமாதானமாகத்தான் சொன்னார், பொண்ணு மேஜர்தானே, ஜீவனாம்சம் கிடையாது, யாருகிட்ட வளரணுங்கற கேள்வி கிடையாது, எழுதுனாலும் எழுதாட்டியும் கோர்ட்டுக்கு ஒண்ணுதான், யாரு வந்து எண்ணப் போறா. அவள் போட்டாள். ஆனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துவிட்டுப் போய், ஒவ்வொரு தாளின் அடியிலும் அம்சவேணி, அம்சவேணி என்று போட்டாள். ஐந்தாவது பத்தி இருந்த தாளிலும் போட்டாள், அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. அந்த ஃப்ளெக்ஸில் அவள் பெயரை அவன் போட்டான். இதில் அவளே போட்டாள். அவன் ஒரு தடவை கொன்றான், மேளம் வைத்து, பாயசம் காய்ச்சி, ஊரறியக் கொன்றான். இவள் சத்தமில்லாமல், நீலப் பேனாவில். எதற்காக? சிந்துவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள், பொய்யில்லை அது. அந்தப் பெண் ஆறு மாசம். கார்த்திகையில் நாள் சொல்லியிருக்கிறார்கள். அருளின் அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள், பிரசவத்துக்குக் கூட இருக்க ஆளில்லை. நான் வர்றேன் சாமி, லீவு போட்டுட்டு வர்றேன் என்று அம்சவேணி போனில் சொன்னபோது சிந்து வேண்டாம் என்றுவிட்டாள். "அவரு பொண்டாட்டியா நீ இந்த வாசப்படி ஏற வேண்டாம்மா. அவரு பொண்டாட்டியா இருக்கற வரைக்கும் நீ செத்தவளோட அம்மா. கோர்ட்டுல போய் எழுதிக் குடுத்துட்டு வா. அன்னைக்கே வா." சத்தம் போடாமல்தான் சொன்னாள். கோபத்தில் சொல்லியிருந்தால் தேற்றியிருக்கலாம். இன்றைக்கு ஜட்ஜம்மா கேட்பதற்கு இல்லை என்று இரண்டு தடவையும் ஆமாம் என்று ஒரு தடவையும் சொல்லிவிட்டால், மனு எடுத்துக்கொள்ளப்பட்டது என்று ஒரு காகிதம் கிடைக்கும். அதை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு ஓசூர் பஸ் ஏறிவிடலாம். துணிப்பை கூடக் கொண்டுவந்திருக்கிறாள், காலடியில் இருக்கிறது. பழைய காட்டன் சேலை நாலு கிழித்து மடித்து வைத்திருக்கிறாள், குழந்தைக்குத் துணி புதுசாக இருக்கக் கூடாது, உறுத்தும்.

டவாலி வெளியே வந்து யாரோ இரண்டு பேர் பெயரைக் கூப்பிட்டார். இவர்கள் பெயர் இல்லை. பக்கத்தில் ஒரு இளம்பெண் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து லெமன் சாதம் தின்றுகொண்டிருந்தாள், கடலை ஒன்று பல்லில் நொறுங்கியது, எலுமிச்சை வாடையும் பெருங்காய வாடையும் தரையில் தெளித்த பினாயில் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின, அந்த பினாயில் வாடைதான் அவளை அங்கே கொண்டுபோய்த் தள்ளியது, போக வேண்டாம் என்று காலையிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு. தை மாசக் கடைசி. செங்கோடனுக்குக் குடலிறக்கம் முற்றி ஆபரேஷன். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே கொண்டுவந்து போட்டார்கள், போட்ட பங்காளிகள் அன்றைக்குச் சாயங்காலமே காணாமல் போனார்கள். ஆறாம் கட்டில். அவள் டூட்டி. ஆறாம் கட்டிலுக்கு மட்டும் சட்டி வைக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா, சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் ஆனபோது பெரிய டாக்டர், வீட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். செங்கோடன் ஜன்னலைப் பார்த்தான். நர்சு இவளைப் பார்த்தாள். பாலத்தைத் தாண்டிப் போனாள். பத்தொன்பது நாள். நோயாளி என்று நினைத்துத்தான் போனாள், ஏழாம் கட்டில் எட்டாம் கட்டில் மாதிரி, அப்படித்தான் கஞ்சி காய்ச்சினாள், கட்டு மாற்றினாள், கழுவிவிட்டாள். முதல் நாளே ரப்பர் ஷீட் வேண்டியிருந்தது, படுக்கை நனைந்தால் புண் சீழ் வைத்துவிடும். பரண்ல ஒரு ஃப்ளெக்ஸ் மடிச்சுக் கெடக்குது பாரு, அதை எடுத்து விரி என்றான். விரித்தாள். வெள்ளைப் பக்கம் மேலே, அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை, அதன்மேல் ஒரு பழைய பெட்ஷீட். தினமும் பெட்ஷீட் துவைத்தாள், ஃப்ளெக்ஸை ஈரத் துணியால் துடைத்தாள், வெள்ளைப் பக்கத்தை மட்டும். பதினெட்டாம் நாள் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு லீவு. அவன் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டான். பக்கத்தில் படுத்திருந்தவளின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். முடி முளைத்து, குட்டையாக, பாதி நரைத்து, கை வைத்தால் ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி இருந்தது. அவன் அழுதானா, அழுத மாதிரி இருந்தது. இருபத்தி நாலு வருஷப் பழக்கம் உடம்புக்குள் எங்கேயோ படுத்துக்கிடந்தது எழுந்து உட்கார்ந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவன் ஏதோ சொல்லப் போகிறான், தப்புப் பண்ணிட்டேன் புள்ளே என்று ஒரு வார்த்தை, அது வரும் வரும் என்று இருட்டில் காத்துக்கொண்டே இருந்தாள், அவன் குறட்டை விட்டான்.

காலையில் அவன் மாத்திரை வாங்க நடந்தே கடைக்குப் போனான். இனி அடியில் ஃப்ளெக்ஸ் வேண்டாம், கழுவி மடித்து வைத்துவிடலாம் என்று உருவினாள். வாசலில் கல்லின்மேல் போட்டு பினாயில் ஊற்றித் தேய்த்தாள். புரட்டினாள். சிந்து கன்னத்தில் விரல் வைத்துச் சிரிக்கிறாள். பதிமூன்று வயசு. கனகாம்பரத்தின்மேல் மஞ்சளாக ஒரு கறை, மூத்திரம் ஊறி இறங்கிய கறை, நெற்றி வரைக்கும். பத்தொன்பது நாள் அவள் முகத்தின்மேல் இவன் படுத்திருந்தான். நேற்று ராத்திரி இரண்டு பேரும். அவளுக்கு வாந்தி வந்தது, குனிந்து அந்தக் கல்லடியிலேயே எடுத்தாள், ஒன்றுமில்லை, பித்தம். அவனுக்குத் தெரிந்திருந்ததா? எடுத்து விரி என்று சொன்னபோது அது எது என்று தெரிந்துதான் சொன்னானா? தெரிந்திருந்தால் அவன் மனுஷனில்லை. தெரியாமல், மறந்துபோய், பரணில் கிடக்கிற ஏதோ ஒரு ஃப்ளெக்ஸ் என்று சொல்லியிருந்தால்? ஒன்பது மாசத்தில் மறந்துபோகிற அளவுக்கு அது ஒரு பழைய துண்டாகியிருந்தால்? அது இன்னும் மோசம். தெரிந்திருந்தால் மோசம், மறந்திருந்தால் அதைவிட மோசம், இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் ஆறு மாசமாக நெய்கிற தறியின் நாடா மாதிரி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள். அவன் கடையிலிருந்து வருவதற்குள் பாலத்தைத் தாண்டிவிட்டாள். கருங்கல்பாளையம் அறையில் நான்கு தடவை தலைக்கு ஊற்றினாள். மனு எழுதும்போது வக்கீலிடம் இந்தப் பத்தொன்பது நாளைச் சொன்னாள், எல்லாவற்றையும் சொல்லவில்லை, நோய்க்குப் பார்த்தேன் என்றும், ஒரு நாள் என்றும், அவர் புரிந்துகொண்டார். அப்படின்னா சட்டப்படி மாசியில இருந்துதாம்மா உன் வருஷம் ஆரம்பிக்குது, நோய்க்குப் பாத்தது கணக்கில்லை, இது கணக்கு. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, யாரு பாத்தாங்க, விடு என்றார். இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிற அந்தச் சாயம் பூசிய தலைக்குத்தான் தெரியும். உள்ளே போய் அவன் சொல்லிவிட்டால்? இல்லீங்கம்மா, தை மாசம் வந்து என்கூடத்தான் இருந்தா என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லிவிட்டால்? காலையிலிருந்து அவள் பயம் அது ஒன்றுதான். அவன் கொட்டாவி விட்டான். கடைவாயில் தங்கப் பல். அவனோ எதற்கும் பயப்படுகிற மாதிரி தெரியவில்லை.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கூப்பிட்டார்கள். செங்கோடன், அம்சவேணி. டவாலி மூன்று தடவை கத்தியதில் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே பெயர் மாதிரி கேட்டது. உள்ளே ஃபேன் சத்தம், காகித வாடை. ஜட்ஜம்மாவுக்கு ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே மனுவைப் புரட்டினார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார்கள், தாலி கட்டின அன்றைக்கு நின்ற மாதிரி, அவன் வலது, அவள் இடது. மைவாடை அடித்தது, முடிமை. சத்தியம் செய்யச் சொன்னார்கள், உண்மையைச் சொல்கிறேன், உண்மையைத் தவிர வேறு எதுவும் இல்லை. முதலில் அவனைக் கேட்டார்கள். எப்போதிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள்? போன வருசம் வைகாசியில இருந்துங்க அம்மா. நடுவில் சேர்ந்து வாழவில்லையே? இல்லீங்க. யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லீங்க. தை மாசத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்கவில்லை. என்ன சுலபமாகச் சொல்கிறான், வழுக்கிக்கொண்டு போகிறது வாயிலிருந்து. அப்போது ஜட்ஜம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலை நிமிராமலே, குழந்தைகள் என்று மட்டும் கேட்டார். இல்லீங்க என்றான் செங்கோடன். அதே குரல். அந்த இல்லீங்கவுக்கும் இந்த இல்லீங்கவுக்கும் ஒரு இம்மி வித்தியாசம் இல்லை. அந்தப் பதினெட்டாம் நாள் ராத்திரி நடக்கவில்லை என்பதும், சிந்து பிறக்கவில்லை என்பதும் அவனுக்கு ஒரே எடை. அவளுக்காக ஒன்று, அவனுக்காக ஒன்று, இரண்டையும் ஒரே வாயால் துப்பிவிட்டு நிற்கிறான். அடுத்து அவளைப் பார்த்தார் ஜட்ஜம்மா. உங்களுக்கும் அதேதானேம்மா என்றார். அதேதானே. ஆமாங்க என்று ஒரு வார்த்தை. வக்கீல் பின்னாலிருந்து செருமினார். அதேதானே என்றால், அவன் வாயில் இருந்ததை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வது. அவன் மென்றதை. அம்சவேணிக்கு நாக்கு உள்ளே சுருண்டது.

"இல்லீங்கம்மா. ஒரு புள்ளை இருக்குதுங்க."

ஃபேன் சுற்றியது. வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஜட்ஜம்மா கையைக் காட்டினார். அப்புறம் அவள் சொன்னாள். எங்கிருந்து தொடங்கினாள், எதை முதலில் சொன்னாள் என்று பின்னால் நினைத்துப் பார்த்தபோது அவளுக்கே சரியாக ஞாபகம் வரவில்லை. சிந்து, வயசு இருபத்தி மூணு, ஓசூர், ஆறு மாசம் என்று சொன்னாள். செத்துப்போனதாக ஃப்ளெக்ஸ் வைத்ததைச் சொன்னாள். ஐந்தாவது பத்தியில் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்த முடியவில்லை, ஒன்றைத் துப்பியபின் மற்றதை வாயில் வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை, தை மாசக் கடைசியில போய்ப் பத்தொன்பது நாள் இருந்தேனுங்க, நோய்க்குப் பாக்கத்தான் போனேன், ஆனா அது மட்டுமில்லீங்க என்றாள். செங்கோடன் அவளைத் திரும்பிப் பார்த்தான், அவள் பார்க்கவில்லை. ஜட்ஜம்மா கைக்குட்டையை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் எழுதினார். கோபமாகப் பேசவில்லை, அலுப்பாகத்தான் பேசினார். பிரமாணத்துல பொய் எழுதிக் குடுத்துட்டு இப்பச் சொல்றீங்க, நடவடிக்கை எடுக்கலாம், எடுக்கலை. இந்த மனு நிக்காது. மாசி மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகணும், அதுக்கப்புறம் உண்மையை எழுதிப் புதுசாப் போடுங்க, இல்லைன்னா கொடுமைன்னு தனியாப் போடும்மா, அதுக்கு இந்த வருஷக் கணக்குத் தேவையில்லை. அப்புறம் வக்கீலைப் பார்த்து, மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுங்கள், ஆனால் ஐந்தாவது பத்தி தவறு என்பதையும் அதில் எழுத வேண்டும், இரண்டு பேர் கையெழுத்தோடும் என்றார். திரும்பி, "ஏங்க, உங்களைத்தான் கேக்கறேன். உங்களுக்குப் பொண்ணு இருக்கா இல்லையா?" என்று செங்கோடனைக் கேட்டார்.

செங்கோடன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டான். இல்லை என்று சொல்லிப் பழகிய வாய்தான், நால்ரோட்டில் ஊர் பார்க்கச் சொன்ன வாய், ஆனால் இங்கே பங்காளிகள் யாரும் இல்லை. ஜட்ஜம்மா மறுபடி கேட்கவில்லை, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இருக்குதுங்க என்றான். சத்தமாகச் சொல்லுங்க என்றார் கிளார்க். இருக்குதுங்க. வக்கீல் மனுவின் பின்பக்கத்தில் எழுதினார். மனுதாரர்களுக்குச் சிந்து என்ற மகள் உயிருடன் உள்ளார், வயது இருபத்து மூன்று. எச்சில் தொட்டுத் திருப்பி நீட்டினார். அம்சவேணி போட்டாள். செங்கோடன் பேனாவை வாங்கி, குனிந்து, மகள் உயிருடன் உள்ளார் என்ற வரிக்குக் கீழே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தான். நேரம் எடுத்தது. முடித்தபின் நிமிர்ந்தபோது காதோரத்தில் வியர்வையோடு கறுப்பு இறங்கிக் காலருக்குப் போயிருந்தது.

வெளியே வெயில். வக்கீல் அவளைப் பார்க்காமல் தாண்டிப் போனார். படியிறங்கும்போது செங்கோடன் பின்னால் வந்தான், இரண்டு படி மேலே நின்றுகொண்டான், இறங்கவில்லை. எத்தனாவது மாசம்னு சொன்னே என்று கேட்டான். கேட்ட விதத்தில் ஒரு இளக்கம் இருந்தது, அவன் இளகினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான், அப்புறம் தூங்கிவிடுவான். உள்ளே ஜட்ஜம்மாவிடம் சொன்னது அவன் காதில் விழாமலா போயிற்று. விழுந்திருக்கும். திரும்ப ஒரு தடவை அவள் வாயால், தனக்கென்று, கேட்க வேண்டும். அம்சவேணி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த மாசி வரைக்கும் ஒடம்பைப் பாத்துக்குங்க. காச்சல் வந்தாலும், கை கால் ஒடைஞ்சாலும், செத்தே போனாலும் நான் பாலத்தைத் தாண்டி வர மாட்டேன். வந்தா எனக்கு நாள் கணக்குக் கெட்டுப் போயிரும்."

தெருவுக்கு வந்து ஒரு மரத்தடி பார்த்து நின்று போனை எடுத்தாள். காகிதம் கிடைக்கவில்லை என்று சிந்துவிடம் சொல்ல வேண்டும். ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பாள், அந்தப் பத்தொன்பது நாளைச் சொல்ல வேண்டும், பெற்ற மகளிடம், எந்தத் தாயும் சொல்லாததை. அப்புறம் அவள் வா என்பாளா, வராதே என்பாளா. எண்ணை அழுத்தினாள், அந்தப் பக்கம் மணி அடித்தது. நான்காவது மணியில் எடுத்து, சொல்லும்மா என்றாள் சிந்து.